தையற் பாடசாலையில் எழுந்த மல்யுத்தக் கூடம்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். நமது பாடசாலையின் வரலாற்றை என்னிலும் நன்கறிந்த ஆசிரியைகளும் மூத்த சகோதரிகளும் இம்மலரில் எழுதுகின்றனர். எனவே, நான் வேறொரு பெண்கள் கல்வி நிலையத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டேன். அது யப்பானில் உள்ளது. நூறு ஆண்டுகளைக் கடந்தது. நம் பாட்டிமார் காலத்துப் பெண்கள் பாடசாலைகளைப் போலவே ஊசியும் நூலுமாகத் தொடங்கியது. ஆனால், இன்று உலகம் அதை அறிந்திருப்பது மல்யுத்தத்தால்.

கினிகத்தேனையில் பிறந்த நமக்கும் யப்பானிய மல்யுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த நிலையத்தின் வரலாற்றில், உலகப் புகழ் பெற்ற ஒரு பழைய மாணவிக்கும் அவரைப் பயிற்றுவித்தவருக்கும் இடையே ஒரு முறைப்பாடு எழுந்தது. அவ்வேளை அவர் படித்த நிலையம் எந்தப் பக்கம் நின்றது என்பது, பழைய மாணவியர் சங்கம் வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நம்மிடமிருந்து பிரிந்து போன பிள்ளை யாருடைய பிள்ளை என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

மகளிருக்குக் கதவு திறந்த கதை

பெண்கள் மல்யுத்தம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது 2016இல் வெளிவந்த ‘தங்கல்’ திரைப்படம். ஹரியானா மாநிலத்தின் பலாலி கிராமத்தில் மகாவீர் சிங் போகாட் தம் பெண்மக்களை மல்யுத்தம் பழக்கியதும், மூத்த மகள் கீதா 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றதும் அதன் கதை. அது ஒரு தந்தையின் கதை. ஒரு கல்வி நிலையம் தலைமுறை தலைமுறையாக வீராங்கனைகளை உருவாக்கிய கதை அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது.

ஆண்களின் மல்யுத்தம் 1896ஆம் ஆண்டின் முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. மகளிருக்கான முதல் உலகப் போட்டி 1987இல்தான் நோர்வேயின் லோரன்ஸ்கோக் நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் இடம் கிடைக்க 2004 ஏதென்ஸ் வரை, அதாவது 108 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கும் நான்கு எடைப் பிரிவுகளே கிடைத்தன. 2013 பெப்ரவரியில், மல்யுத்தத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிறைவேற்றுச் சபை பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இடம் மீண்டும் கிடைத்தது. 2016 ரியோ விழாவில் மகளிர் பிரிவுகள் ஆறாக உயர்ந்தன.

விதிகளை அறியாத சகோதரிகளுக்காகச் சில வரிகள். ஒலிம்பிக்கில் மகளிர் ஆடுவது ‘ஃபிரீ ஸ்டைல்’ முறை. மும்மூன்று நிமிடங்களாக இரண்டு சுற்றுகள். எதிராளியின் கால்களைப் பிடிக்கலாம். இரு தோள்களையும் விரிப்பில் அழுத்திப் பதித்தால் ஆட்டம் அங்கேயே முடியும். பத்துப் புள்ளிகள் முந்தினாலும் முடியும். ஒரே எடைப் பிரிவினர் மட்டுமே மோதுவர். இந்த எடைப் பிரிவு என்ற ஏற்பாடு நல்லதற்கும் கெட்டதற்கும் வழிவிடுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊசியும் நூலும் இருந்த இடம்

1905ஆம் ஆண்டு நகோயா நகரில் பெண்களுக்கான தையற் பாடசாலை ஒன்று தொடங்கியது. அக்காலத்தில் ஒரு பெண்பிள்ளையை வீட்டை விட்டு வெளியே அனுப்பப் பெற்றோர் ஒப்புக்கொள்ளும் பாடங்களில் தையல் முதன்மையானது. நம் நாட்டிலும் அப்படித்தான். தையலைச் சாட்டாக வைத்துத்தான் எத்தனையோ பெண்பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் படித்தனர். அந்தப் பாடசாலை காலப்போக்கில் வளர்ந்து சூக்கியோ மகளிர் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஐச்சி மாகாணத்தில், நகோயாவை அடுத்த ஒபு நகரில் அது அமைந்துள்ளது. 2010இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு ஷிகாக்கன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. யப்பானின் பெரிய பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இடமும் அன்று.

1980களின் இறுதியில் அங்கே மகளிர் மல்யுத்தக் கழகம் ஒன்று தோன்றியது. அப்போது மகளிர் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் இல்லை. பரிசுப் பணமும் இல்லை. பெண்பிள்ளை ஏன் மல்யுத்தம் பழக வேண்டும் என்ற கேள்வி யப்பானிலும் இருந்தது. இப்படி ஒருவரும் பெரிதாக மதிக்காத காலத்தில் கதவைத் திறந்து வைத்ததுதான் அந்த நிலையம் செய்த முதற் பெரிய காரியம். 2004இல் ஒலிம்பிக் வந்தபோது மற்றவர்கள் தொடங்கினர். இவர்களிடம் அதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்திருந்தது.

1990களின் நடுப்பகுதியில் கஸுஹிதோ சகாயே அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த உயர்தரப் பாடசாலைக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். 1987 உலகப் போட்டியில் வெண்கலம் வென்றவர் அவர், 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் ஆடியவர். பின்னர் பல்கலைக்கழக அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் யப்பானிய மகளிர் மல்யுத்தம் என்றால் அவரது கூடம் என்றே பொருளாயிற்று.

அவர் கட்டியது என்ன?

பயிற்றுவிப்பாளரின் திறமை என்று ஒற்றைச் சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால், எப்படி வென்றார்கள் என்பது அதனால் விளங்காது. மூன்று ஏற்பாடுகள் அங்கே ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, சிறுவயதிலிருந்தே பழகிய பிள்ளைகள். சவோரி யொஷிதாவுக்கு மூன்று வயதிலிருந்தே மல்யுத்தம் பழக்கியவர் அவருடைய தந்தை. எதிராளியின் கால்களை நோக்கிப் பாய்ந்து பிடிக்கும் ‘டெக்கிள்’ என்ற அவருடைய புகழ்பெற்ற பிடி தந்தை வீட்டில் கற்றது. வடயப்பானின் ஹசினோஹே நகரிலிருந்து சிஹாரு இச்சோ, கவோரி இச்சோ என்ற சகோதரிகளும், ஹிதோமி ஒபாராவும் வந்தனர். அங்கே சிறுவர்களுக்கான மல்யுத்தக் கழகம் ஒன்று நெடுங்காலமாக இயங்கி வந்தது. ஆகவே, பல்கலைக்கழகம் அறுத்த பயிரின் நாற்று வேறு ஊர்களில் போடப்பட்டது. ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளாகப் பணியாற்றும் நம் சகோதரிகளுக்கு இது புதிய செய்தியாக இராது.

இரண்டாவது, பாடசாலையும் பல்கலைக்கழகமும் ஒரே வளையத்தில் இருந்தமை. பதினைந்து பதினாறு வயதில் வரும் மாணவி இருபத்திரண்டு வயதுவரை ஒரே கூடத்தில் பழகலாம். இடையில் பரீட்சை வந்து பயிற்சியை முறித்துவிடாது. படிப்பு முடிந்த பின்னும் பலர் அங்கேயே தங்கிப் பயின்றனர்.

மூன்றாவதுதான் இவற்றில் பெரியது. மல்யுத்தத்தைத் தனியாகப் பழக முடியாது. ஓட்டக்காரி தனியே ஓடிப் பழகலாம், கூடைக்குள் பந்து எறிபவளும் தனியே எறிந்து பழகலாம். மல்யுத்த வீராங்கனைக்கு நாள்தோறும் தன் எடையும் தன் திறமையும் உள்ள இன்னொருத்தி வேண்டும். உலகச் சாம்பியனோடு தினமும் மோதும் இளையவள், உலகப் போட்டிக்குப் போகாமலே உலகத் தரத்தை உடலால் அறிந்துவிடுகிறாள். சாம்பியனும் தன்னை வீழ்த்த முனையும் பத்துப் பேருக்கு நடுவே வாழ்வதால் சோர்ந்துவிட முடியாது. சகாயே கட்டியெழுப்பியது இந்த நெருக்கத்தை. ஒவ்வொரு பதக்கத்துக்கும் பின்னால் அந்த விரிப்பில் ஆயிரம் தடவை விழுந்து எழுந்த தோழியர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

பதினொரு தங்கங்கள்

பயன் என்ன என்று எண்ணிப் பார்ப்போம். 2004 ஏதென்ஸில் யொஷிதாவும் கவோரி இச்சோவும் தங்கம், சிஹாரு இச்சோ வெள்ளி. 2008 பீஜிங்கில் மூவருக்கும் அதே பதக்கங்கள். 2012 லண்டனில் ஒபாரா, யொஷிதா, கவோரி இச்சோ ஆகிய மூவரும் தங்கம். 2016 ரியோவில் எரி தோசகா, கவோரி இச்சோ, ரிசாக்கோ கவாய், சாரா தோஷோ ஆகிய நால்வரும் தங்கம், யொஷிதா வெள்ளி. இந்த நான்கு விழாக்களிலும் யப்பானிய மகளிர் மல்யுத்தத்தில் வென்ற தங்கங்கள் 11. பதினொன்றும் அந்த ஒரே நிலையத்தில் படித்தவர்கள் வென்றவை.

யொஷிதா 13 உலகப் பட்டங்கள் பெற்றார். 2008 சனவரியில் ஓர் அமெரிக்க வீராங்கனையிடம் தோற்கும்வரை தொடர்ந்து 119 ஆட்டங்களில் அவர் தோற்றதில்லை. கவோரி இச்சோ 10 உலகப் பட்டங்களோடு நான்கு ஒலிம்பிக் தங்கங்களையும் வென்றார். தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் விழாக்களில் தனிநபர் தங்கம் வென்ற முதற் பெண் அவரே. எந்த விளையாட்டை எடுத்தாலும் அதுவரை வேறொரு பெண் அதைச் செய்ததில்லை. அவ்வாண்டு யப்பான் அரசு அவருக்கு மக்கள் கௌரவ விருதை வழங்கியது.

ஒரு பெண்கள் கல்வி நிலையம் தன் வாயிலில் எழுதி வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? வரலாறு இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பிரிந்து போன மாணவி

பீஜிங் வெற்றிக்குப் பிறகு கவோரி இச்சோ சிறிது காலம் ஓய்வெடுத்தார். பிறகு பழைய கூடத்துக்குத் திரும்பவில்லை. தோக்கியோவுக்குப் போனார். அங்கே ஆண்களோடு பயிற்சி செய்யத் தொடங்கினார். ஏதென்ஸில் வெண்கலம் வென்ற சிகாரா தனாபே அவருக்குப் பழக்கினார். அப்போது இச்சோவுக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர் தம் கலையில் இன்னும் கற்க வேண்டியது உண்டு என்று எண்ணி, தெரிந்த கூடத்தை விட்டு வெளியேறினார். கற்பித்த எவரும் பெருமைப்பட வேண்டிய செயல் அது.

ஆனால், அவரது பழைய பயிற்றுவிப்பாளர் வெறும் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளராக மட்டும் இருக்கவில்லை. யப்பான் மல்யுத்தச் சம்மேளனத்தில் வீரர்களை மேம்படுத்தும் பிரிவின் உயர் பொறுப்புகளும் அவரிடம் இருந்தன. தேசிய அணி யார், முகாம் எங்கே என்பவற்றில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. ஒரு கூடத்தின் தலைவரே நாட்டின் வாயிற்காவலராகவும் இருந்தால், கூடத்தை விட்டுப் போகும் மாணவி எங்கே போவாள்?

2018 தொடக்கத்தில் இது தொடர்பாக யப்பானிய அரசின் அமைச்சரவை அலுவலகத்துக்கு முறைப்பாடு ஒன்று சென்றது. செய்திகள் வெளிவந்தன. சம்மேளனம் சட்டத்தரணிகளைக் கொண்ட ஒரு வெளிக் குழுவை விசாரணைக்கு நியமித்தது. ஏப்ரல் மாதம் அக்குழு அறிக்கை தந்தது. எல்லாக் குற்றச்சாட்டுகளையும் அது ஏற்கவில்லை. ஆனால், நான்கு சம்பவங்களில் அதிகாரத் துஷ்பிரயோகம் நடந்தது என்று ஏற்றுக்கொண்டது. 2010இல் ஒரு முகாமில், தம் கண்முன்னே மல்யுத்தம் செய்ய எப்படித் துணிந்தாய் என்ற கருத்துப்பட சகாயே இச்சோவிடம் பேசியது ஒன்று. அதே ஆண்டின் ஆசிய விளையாட்டு விழா அணியில் இச்சோவைத் தகுந்த காரணமின்றி விட்டுவிட்டது இன்னொன்று. இச்சோவுக்குப் பழக்க வேண்டாம் என்று தனாபேயிடம் வற்புறுத்தியதும் அவற்றுள் அடங்கும். சகாயே சம்மேளனப் பதவியிலிருந்து விலகினார். சூன் மாதம் பல்கலைக்கழகமும் அவரை அணிப் பொறுப்பிலிருந்து நீக்கியது.

இதற்கிடையில், மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகத்தின் தலைவர் செய்தியாளர் கூட்டம் ஒன்றை நடத்தினார். அவரும் ஒரு பெண்மணி. பயிற்றுவிப்பாளரின் பக்கம் நின்று பேசிய அவர், இச்சோ இன்னும் ஆடுகின்ற வீராங்கனைதானா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். இச்சோ அந்த நிலையத்தின் பழைய மாணவி. இணைந்த உயர்தரப் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். அந்நிலையத்தின் பெயரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் சுமந்தவர்.

விசாரணைக் குழுவின் அறிக்கையைவிட, ஒரு தாய்ப் பாடசாலை தன் மகளைப் பார்த்துக் கேட்ட இந்தக் கேள்வியே என்னை அதிகம் வருத்தியது. அதற்கு இச்சோ விரிப்பிலேயே பதில் சொன்னார். அவ்வாண்டு ஒக்டோபரில் மீண்டும் போட்டிக்கு வந்தார். டிசெம்பரில் தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ரிசாக்கோ கவாயை வென்றார். கவாயும் அதே நிலையத்தின் பழைய மாணவி, பத்து வயது இளையவர். 2019இல் கவாய் திருப்பி வென்று தோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், அங்கே தங்கமும் வென்றார். இருவருக்கும் நடுவில் நின்ற பெரியவர்கள் சண்டையிட்டனர். பெண்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று முறையாக ஆடி முடித்தனர்.

சகாயே இல்லாவிட்டால் கூடம் சரிந்துவிடும் என்றும் பலர் அஞ்சினர். 2021இல் நடந்த தோக்கியோ விழாவில் மகளிர் மல்யுத்தத்தில் யப்பான் வென்ற நான்கு தங்கங்களில் மூன்று ஷிகாக்கனில் படித்தவர்களுடையவை: ரிசாக்கோ கவாய், அவருடைய தங்கை யுகாக்கோ, மாயு முக்காய்தா. 2024 பாரிஸில் தங்கம் வென்ற நால்வரில் மூவர் இகுவேய் என்ற வேறொரு சிறிய பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். நாற்றங்கால் இன்னோர் இடத்துக்கு மாறியிருக்கிறது. எந்த ஒருவருக்கும், எந்த ஓர் இடத்துக்கும் சொந்தமாகாமல் கலை போய்க்கொண்டே இருக்கிறது.

வைத்தியராகச் சில சொற்கள்

எடைப் பிரிவு பற்றிப் பின்னால் சொல்வதாகக் கூறினேன். தன் இயல்பான எடையிலும் கீழான பிரிவில் ஆடினால் வெல்வது எளிது என்று வீரர்கள் எண்ணுவர். அதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பர், தண்ணீரைக் குறைப்பர், வியர்வையில் நீரை வெளியேற்றுவர். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மாணவர்கள் சில வாரங்களுக்குள் இப்படி எடை குறைக்கப் போய் உயிரிழந்தனர். மூவரும் ஆண்கள். அதன் பின்னரே அங்கே வெப்ப அறைகளும் இறப்பர் உடைகளும் தடை செய்யப்பட்டன. உடலில் நீர் போதிய அளவு இருக்கிறதா என்று சோதித்த பிறகே எடைப் பிரிவு நிர்ணயிக்கப்பட்டது.

2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி பாரிஸில் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று ஆட்டங்களில் வென்று 50 கிலோ இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றார். மறுநாள் காலை தராசில் 100 கிராம் கூடுதலாக இருந்தார். இரவு முழுதும் முயன்றும் குறையவில்லை. போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். நூறு கிராம் என்பது கடையில் பருப்பு நிறுக்கும்போது நாம் கண்டுகொள்ளாத அளவு.

பெண்பிள்ளையின் உடலில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உண்ணும் உணவு பயிற்சியின் செலவுக்கு ஈடாகாவிட்டால், உடல் முதலில் நிறுத்தி வைப்பது மாதவிடாயை. அது நின்றால் எலும்பின் உறுதி குறையத் தொடங்கும். இளவயதில் சேராத எலும்பு பின்னர் சேர்வது கடினம். இரத்தச் சோகையும் சேர்ந்தால் களைப்பு, மூச்சு வாங்கல், படிப்பில் கவனக் குறைவு எல்லாம் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை ஒரு நோய்நிலையாகப் பெயரிட்டு எச்சரித்தது. மாதவிடாய் நின்றுவிட்டது என்று ஒரு பிள்ளை யாரிடம் சொல்வாள்? தன்னை அணியில் சேர்ப்பதும் நீக்குவதும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் சொல்லமாட்டாள். உடலைப் பற்றிய உண்மை வெளியே வரவும் அச்சமின்மை வேண்டும். இச்சோவின் கதையும் இந்தக் கதையும் இங்கே ஒன்றாகின்றன.

தோட்டப்புறத்தில் இரத்தச் சோகை எவ்வளவு பரவலானது என்பதை வைத்தியசாலையில் பணிபுரியும் எவரும் அறிவர். எனவே, எந்த விளையாட்டானாலும் நமது பிள்ளைகளைப் பயிற்சிக்கு இறக்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனையும், பயிற்சிக்குப் பின் ஒரு நேர நல்ல சாப்பாடும் வேண்டும். விலை உயர்ந்த உபகரணங்கள் பிறகு வரட்டும்.

பிற நாடுகளும் நமது நாடும்

இந்தியாவில் 2023 சனவரியில் வினேஷ் போகாட், ரியோவில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக் முதலியோர் டில்லியின் ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்தனர். மல்யுத்தச் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு எழுப்பினர். அவர் மறுத்தார். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. பதக்கம் வென்று வந்தபோது மாலையிட்ட நாடு, அதே பெண்கள் தெருவில் அமர்ந்தபோது இரண்டாகப் பிரிந்து நின்றது.

அமெரிக்காவில் வேறு வகையான தொடக்கம் ஒன்று நடந்தது. அயோவா பல்கலைக்கழகம் 2021இல் மகளிர் மல்யுத்த அணி அமைப்பதாக அறிவித்து, கிளரிஸ்ஸா சுன் என்பவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக்கியது. அவர் ஹவாயில் பிறந்தவர், 2008 உலகச் சாம்பியன், லண்டனில் வெண்கலம் வென்றவர். 2023-24இல் தனது முதற் பருவத்திலேயே அவரது அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. 2025 சனவரியில் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு மகளிர் மல்யுத்தத்தை முழு அந்தஸ்துள்ள சாம்பியன் போட்டியாக ஏற்றுக்கொண்டது. விரிப்பில் விழுந்து எழுந்த ஒரு பெண்ணே அடுத்த தலைமுறைக்குக் கூடம் கட்டுவது இதன் புதுமை.

நம் நாட்டிலும் கதவு திறந்துதான் இருக்கிறது. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கை வென்ற நான்கு பதக்கங்களில் ஒன்று மல்யுத்தத்தில் வந்தது. மகளிர் 57 கிலோ பிரிவில் நெத்மி அஹின்சா பொருதொட்டகே வெண்கலம் வென்றார்.

பெண்ணின் உடலுக்கு இது ஆகாது என்று இன்னும் சொல்பவர்கள் வட்டவளைப் பக்கம் மழைக்காலத்தில் ஒருநாள் வந்து பார்க்கட்டும். சறுக்கும் மலையில், அட்டை கடிக்க, நனைந்த கொழுந்தின் பாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நம் தாய்மார் ஏறுகின்றனர். கால், இடுப்பு, முதுகு, பிடி ஆகியவற்றின் வலுவே மல்யுத்தத்தின் அடிப்படை. அந்த வலு நமது வீடுகளில் தலைமுறையாக இருக்கிறது. அது இதுவரை கொழுந்து மடுவத்துத் தராசில் மட்டுமே நிறுக்கப்பட்டது.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள்

நமது பாடசாலை நாளையே மல்யுத்தக் கூடம் அமைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வலைப்பந்தோ, எல்லேயோ, கரப்பந்தோ, விஞ்ஞானப் போட்டியோ, நாடகமோ, எதுவானாலும் ஒரு பிள்ளையை ஒரு பெரியவர் பயிற்றுவிக்கிறார். அந்த உறவு நல்லபடி நடக்க மூன்று காரியங்களைச் சங்கம் செய்யலாம்.

ஒன்று, பயிற்றுவிப்பவரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு பெரியவள் இருக்க வேண்டும். தாதியராகவும், ஆசிரியைகளாகவும், வைத்தியர்களாகவும் ஹட்டன் முதல் அவிசாவளை வரை நம் சகோதரிகள் இருக்கின்றனர். மாதத்தில் ஒருநாள் முறைவைத்து வந்தாலே போதும். இரண்டு, வெளிநாடுகளிலிருந்து வரும் நன்கொடையில் ஒரு பகுதி பயிற்சி நாட்களின் சாப்பாட்டுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் என்று தனியே ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நமது அங்கத்தவர் பதிவேடு பற்றியது. நூற்றாண்டு விழாக்களில் நாம் மேடைக்கு அழைப்பது பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களை. என்னையும் அப்படித்தான் அழைக்கின்றனர். சாதாரண தரத்தோடு நின்றவர்கள், ஒன்பதாம் வகுப்பில் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள், மணமாகிப் போனவர்கள், நமது பாடசாலை பிடிக்காமல் வேறு பாடசாலைக்கு மாறி அங்கே பேர் எடுத்தவர்கள், இவர்களும் நமது விரிப்பில் விழுந்து எழுந்த தோழியரே. இவர்களோடு போட்டியிட்டும் இவர்களிடம் கற்றும்தான் நாங்கள் பரீட்சையில் தேறினோம். ஒருத்தி நம்மை விட்டுப் போனாள் என்பதற்காக, இவள் இன்னும் நம் மாணவிதானா என்று கேட்கும் இடமாக நமது பாடசாலை ஒருநாளும் ஆகக்கூடாது.

பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் 18 கிலோ கொழுந்து கேட்கின்றனர். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். பகல் முழுதும் மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான். தராசுக்கு அவ்வளவுதான் தெரியும். நமது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒருநாள் இந்தப் பாடசாலை வாங்கில் அமர்ந்த பிள்ளையானாலும் அவள் பெயரை முழுப்பேராகவே எழுதுவோம்.